தரையில் பிடித்த மூன்று எலிகள்

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தரும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். அதற்கு நான் சரியான ஆளில்லை. ஊக்கம் வேண்டுமென்றால் மலாக்கா ஆயர் குரோவில் வாராவாரம் ஏதாவதொரு ஹோட்டலில் கூட்டம் நடக்கிறது. கைதட்டச் சொல்லிக்கொடுப்பார்கள், மத்தியானச் சாப்பாடும் உண்டு. போன மாதம் உங்கள் அறைகளைச் சுற்றிப் பார்த்தேன். சுவரெல்லாம் பளபளவென்று போஸ்டர்கள், அத்தனையிலும் மேலே ஏறிப்போகும் கோடுகள். ‘இது ஒத்துவரவில்லை’ என்று ஒரு போஸ்டரிலாவது ஒரு வரி இருக்குமா என்று தேடினேன். இல்லை. எலிகள் வளர்க்கும் இந்தக் கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவள் நான். ஒத்துவராத எலியே இல்லாத கூடத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

ஆகவே ஊக்கத்துக்குப் பதிலாக, நான் செய்த ஓர் அசட்டுக் காரியத்தை எழுதுகிறேன். என் பெயர் ஸ்டெல்லா. செலண்டாரில் தோட்டத்து வீட்டில் பிறந்தவள். புக்கிட் பெருவாங்கில் இருந்த இதே கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, எலி அறைப் பொறுப்பாளராக உயர்ந்து, அதிலிருந்து இறக்கப்பட்டு, கடைசியில் ஓய்வு பெற்றேன். இறக்கப்பட்ட கதைதான் இது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் எலியைக் கையில் எடுத்திருக்க மாட்டீர்கள். நோய்க்கு எதிரான ஆன்டிபாடியைச் செய்வது பி செல். அது தானாகச் செய்துவிடாது. உதவி டி செல் என்று ஒன்று வந்து தூண்ட வேண்டும். அந்த டி செல் எல்லா பி செல்லுக்கும் உதவாது. பி செல் தன் மேல் ஏந்தியிருக்கும் ஓர் அடையாளத்தைப் பார்க்கும். தன் வம்சத்து அடையாளமாக இருந்தால்தான் உதவும். அந்த அடையாளத்தைத் தீர்மானிப்பது மரபணுக்களில் ஒரு சின்னப் பகுதி.

எங்களிடம் இரண்டு வம்சத்து எலிகள் இருந்தன. அந்தச் சின்னப் பகுதியில் மட்டும்தான் வித்தியாசம், மற்றபடி எல்லாம் ஒன்று. இரண்டும் கறுப்பு. பெற்ற தாயே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கூண்டில் தொங்கும் அட்டையின் நிறத்தை வைத்துச் சிவப்பு எலி, நீல எலி என்று சொல்வோம். சிவப்பு எலியின் டி செல்லையும் பி செல்லையும் ஒரே தட்டில் வளர்த்தால் ஆன்டிபாடி வரும். சிவப்பின் டி செல்லோடு நீலத்தின் பி செல்லைச் சேர்த்தால் ஒன்றும் வராது. இரண்டு வம்சமும் கலந்து பிறந்த குட்டியோ இரண்டு அடையாளத்தையும் ஏந்தும். அதன் பி செல்லுக்கு இரு பக்கத்து டி செல்லும் உதவும். இது உலகத்துக்கே தெரிந்த விதி.

எங்கள் புரொபசருக்கு அந்த விதியை உடைக்க ஆசை. செல்களைக் கலக்கும் அளவையும் நேரத்தையும் மாற்றினால் சிவப்பு நீலத்துக்கு உதவும் என்று அவர் நம்பினார். மனிதர் கெட்டவரில்லை. ஆனால் தனக்குப் பிடித்த பதிலைக் கண்டால் கேள்வியை மறந்துவிடுவார். அவரிடம் பிஎச்டி செய்ய வந்தவள் தர்ஷினி. மலாக்கா டவுன் பிள்ளை, வேகமான கை, வாயும் அப்படியே. எலி அறையில் கூண்டு கழுவி, தீனி வைத்து, மரத்தூள் மாற்றுகிறவர் முனியாண்டி அண்ணன். நியாலாஸ் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர், தோள் போன பிறகு எங்களிடம் வந்தார். ஒரு நாளில் பத்துத் தடவை என்னிடம் குறை சொல்வார். அவரை எனக்குப் பிடிக்காது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், விடுமுறையில், காலை பதினொரு மணிக்கு முனியாண்டி அண்ணன் போன் செய்தார். நான் செலண்டாரில் என் சொந்த அண்ணன் வீட்டில் இருந்தேன்.

“தங்கச்சி, ஏர்கோன் செத்துப்போச்சு. ரூமு அடுப்பு மாதிரி கொதிக்குது. எலியெல்லாம் வயித்தத் தரையில வச்சு நீட்டிப் படுத்திருக்கு.”

“ஏர்கோன் ஆளுக்குப் போன் போட்டீங்களா?”

“அவன் பாலிக் கம்போங்னு சொந்த ஊருக்குப் போயிட்டான். நாளன்னிக்குத்தான் வருவானாம். நீ வர்றியா, இல்ல நான் ஒவ்வொண்ணா விசிறி விடவா?”

நான் போய்ச் சேர்ந்தபோது நாலைந்து எலிகள் செத்திருந்தன. கீழ்த்தளத்தில் மாணவர் அறையில் ஏர்கோன் ஓடியது. எல்லாக் கூண்டுகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோவதென்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரிதான். அதோடு என் புத்திசாலித்தனம் முடிந்தது.

அவசரத்தில் சிவப்புக் கூண்டையும் நீலக் கூண்டையும் ஒரே வண்டியில் அடுக்கினேன். இரண்டு நடை கூடுதலாகப் போனால் என்ன கெட்டுவிடும்? கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் மிச்சப்படுத்தினேன். லிஃப்ட் வாசலில் வண்டிச் சக்கரம் இடுக்கில் மாட்டியது. மேலே இருந்த இரண்டு கூண்டுகள் சரிந்து மூடி திறந்தன. மூன்று பெண் எலிகள் தரையில் ஓடின. முனியாண்டி அண்ணன் மண்டி போட்டு மூன்றையும் பிடித்து, கழுவுகிற வாளிக்குள் விட்டார்.

சரிந்த கூண்டுகளில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

“இதுங்க எதிலிருந்து வந்துச்சு?” என்று கேட்டேன்.

“தெரியாது.”

“நீலக் கூண்டுதானே முதல்ல விழுந்துச்சு? நான் பாத்தேன்.”

“நான் பாக்கல. நீயும் பாக்கல தங்கச்சி, நீ சக்கரத்த இழுத்துக்கிட்டிருந்த. தரையில புடிச்ச எலி திரும்பக் கூண்டுக்குப் போகக்கூடாதுன்னு சுவத்துல எழுதி ஒட்டியிருக்குல்ல? எழுதினது நீதானே?”

எழுதியது நான்தான். பெரிய எழுத்தில், மலாயிலும் தமிழிலும். தரையில் பிடித்த எலியைக் கொன்றுவிட வேண்டும், கேள்வியே கிடையாது. ஆனால் அந்த வருஷம் நீல எலிகள் சரியாகக் குட்டி போடவில்லை. பிள்ளை பெறும் வயதில் மூன்று பெண் எலிகள், நல்ல ஆரோக்கியம். தர்ஷினி வாரா வாரம் வந்து “அக்கா, நீலம் எப்ப?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. கூண்டு கழுவுகிறவர் எனக்குப் பாடம் சொல்கிறாரே என்ற எரிச்சல் வேறு.

“அண்ணே, எனக்கு என் எலியத் தெரியும்” என்றேன்.

எவ்வளவு அழகான பொய். இரண்டு வம்சத்தையும் கண்ணால் பிரிக்க முடியாது என்று புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தவளே நான். புது நீல அட்டை எடுத்தேன். தாய் எண், பிறந்த தேதி எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு கிழித்தேன். மூன்றையும் ஒரு நீல ஆண் எலியோடு சேர்த்து விட்டேன். முனியாண்டி அண்ணன் வாளியைக் கழுவப் போய்விட்டார்.

மூன்றும் செழிப்பாகக் குட்டி போட்டன. குட்டிகளும் குட்டி போட்டன. எங்கள் நீலப் பஞ்சம் தீர்ந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் புரொபசர் என் அறைக்கே ஓடி வந்தார். கையில் ஒரு காகிதம்.

“ஸ்டெல்லா! சிவப்பு டி செல், நீல பி செல். ஆன்டிபாடி வந்திருக்கு. நல்லா வந்திருக்கு! உடைச்சிட்டோம்லா!”

அந்த வாரம் கூடத்துக்கே கேக் வந்தது. கோலாலம்பூரில் நடக்கவிருந்த ஒரு பெரிய கூட்டத்துக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினார். தர்ஷினி பேசுவதென்று முடிவானது. அதே எலிகளில் பழைய முறைப்படியும் ஒரு தடவை செய்து பார்க்கலாமே என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பழைய முறையிலும் ஆன்டிபாடி வந்திருந்தால் கோளாறு எலியில்தான் என்று அன்றே தெரிந்திருக்கும். பட்டம் பெற்றவர்கள் ஆறு பேர் கேக் தின்றுகொண்டிருந்தோம். ஆறு பேருக்கும் அந்தச் சின்னக் கேள்வி தோன்றவில்லை. வாயில் கேக் இருக்கும்போது கேள்வி தோன்றாது போலும்.

கூட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் தர்ஷினி தன் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். புரொப் கிட்ட சொல்லிடாதீங்க. சில தடவை சூப்பரா வருது. சில தடவை சுத்தமா வரல. வராததெல்லாம் உன் கை தப்பு, ஒதுக்கி வை அப்படின்னாரு. ஒதுக்கிட்டேன். ஆனா எலியப் பொறுத்து மாறுதோன்னு தோணுது.”

“எந்த எலின்னு எழுதி வச்சிருக்கியா?”

எழுதி வைத்திருந்தாள். வராத தடவைகளின் கூண்டு எண்களைப் பார்த்தேன், எல்லாம் பழைய நீலக் குடும்பம். வந்த தடவைகளின் கூண்டு எண்களோடு எலி அறைக்குப் போனேன். அட்டைகளைப் பின்னோக்கித் தேடிப் போனேன். மகள், தாய், பாட்டி என்று ஒவ்வொன்றும் ஒரே அட்டையில் போய் முடிந்தது. என் கையெழுத்து. தாய் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “வழக்கமான சோதனை ஒண்ணு செஞ்சு பாக்கிறேன்” என்றேன்.

இன்றைக்கு உங்களுக்கு ஒரு சொட்டு ரத்தம் போதும், சாயங்காலத்துக்குள் மெஷின் வம்சத்தைச் சொல்லிவிடும். அன்று அதற்கான மருந்து வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும். எனக்குத் தெரிந்தது தோல் ஒட்டுவது. அட்டையில் சந்தேகமே இல்லாத சிவப்பு எலியின் வாலிலிருந்து நகக்கண் அளவு தோல் எடுத்து, சந்தேகத்துக்குரிய நீல எலிகளின் முதுகில் ஒட்டிக் கட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய நீலக் குடும்பத்து எலிகளுக்கும் ஒட்டினேன். சுத்த நீலமாக இருந்தால் அந்நியத் தோலை உடம்பு தள்ளிவிடும். ஏற்றுக்கொண்டால் அதில் சிவப்பு கலந்திருக்கிறது, அதாவது வாளியில் விட்ட மூன்றும் சிவப்பு எலிகள்.

ஏழாம் நாள் கட்டைப் பிரித்தேன். எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. தள்ளிவிடு, தள்ளிவிடு என்று ஒவ்வொரு கூண்டாகப் பார்த்து வேண்டிக்கொண்டேன். மாதா கோயிலில்கூட நான் அப்படி வேண்டியதில்லை. பன்னிரண்டாம் நாள் பழைய குடும்பத்து எலிகளின் ஒட்டுத்தோல் கறுத்து, காய்ந்து, பொருக்காக உதிர்ந்தது. என்னுடைய எலிகளின் முதுகில் அது மெத்தென்று, இளஞ்சிவப்பாக, சொந்தத் தோல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

பின்னால் தர்ஷினி நின்றதை நான் கவனிக்கவில்லை.

“இது வழக்கமான சோதனை இல்லியே அக்கா” என்றாள். ஒரு கூண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அப்புறம் பக்கத்துக் கூண்டு. அப்புறம் அடுத்தது. “கலப்பு. எல்லாமே கலப்பு. அதனாலதான் சிவப்பு உதவிச்சு. நாம ஒண்ணையும் உடைக்கல.”

ஸ்காலர்ஷிப் முடிய அவளுக்கு ஆறு மாதம்தான் பாக்கி. அழுவாள் என்று நினைத்தேன். கூண்டைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டு, “வாங்க, புரொப் கிட்ட போலாம்” என்றாள்.

புரொபசர் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு கேட்ட முதல் கேள்வி, எத்தனை எலி கலந்தது என்பதல்ல, எந்த முடிவெல்லாம் போச்சு என்பதல்ல.

“கூண்டு யார் கையில இருக்கு? முனியாண்டிதானே?”

நான் வாயைத் திறந்தேன். தர்ஷினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு லிஃப்ட் வாசல் கதை தெரியாது. அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான். வாயை மூடிக்கொண்டேன். “விசாரிக்கிறேன் சார்” என்றுகூடச் சொன்னேன் என்று நினைவு. முப்பது வருஷத்தில் நான் பேசிய கேவலமான வாக்கியம் அதுதான்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் முனியாண்டி அண்ணன் ஒரு கவரோடு வந்தார். ஆபீஸிலிருந்து வந்த ஷோ காஸ் லெட்டர். உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று காரணம் கேட்கும் கடிதம். முழுக்க ஆங்கிலம்.

“தங்கச்சி, இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு. ஆபீஸ் பொண்ணு ‘சைன் போடுங்க அங்கிள்’னு குடுத்துச்சு. என்னான்னு சொல்லல.”

நான் வாசித்தேன். இரண்டு வம்சத்து எலிகளைக் கவனக்குறைவாகக் கலந்ததாலும், அதனால் ஆய்வுக்குப் பெரும் நஷ்டம் ஏற்பட்டதாலும் என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நான் செய்ததை அவர் செய்ததாக அவரிடமே வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்தார்.

“அப்ப நான் கலந்தேன்னு எழுதியிருக்கான்.”

“ஆமாண்ணே.”

“அன்னிக்கு வாளியில விட்டேனே மூணு. அது எங்க போச்சு தங்கச்சி?”

நான் சொன்னேன். எந்தக் கூண்டு, எந்த ஆண் எலி, அட்டையில் என்ன எழுதினேன், எல்லாவற்றையும். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பதிலு எழுதணுமாம்ல? எனக்கு இங்கிலீஸ் வராது. நீ எழுது. நடந்தத எழுது.”

எழுதினேன். அவர் சார்பில் எழுதவில்லை, என் பெயரில் எழுதினேன். சக்கரம் மாட்டியதிலிருந்து, சுவரில் இருந்த விதி, அவர் சொன்ன வார்த்தை, நான் சொன்ன பொய் வரைக்கும். ஆபீஸில் ஒரு பிரதி, புரொபசர் மேசையில் ஒரு பிரதி. மன்னிப்புக் கேட்க முனியாண்டி அண்ணனிடம் போனேன்.

“அதெல்லாம் உங்க சர்ச்சுல போய்க் கேளு. இங்க கூண்டு கழுவணும்” என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சு இல்லை.

புரொபசர் என் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “கேஎல் மீட்டிங் முடிஞ்ச பிறகு குடுத்திருக்கலாம்ல? மெதுவாச் சமாளிச்சிருப்போம்” என்றார். அது வரைக்கும் முனியாண்டியின் வேலை என்ன ஆகும் என்று கேட்டேன். அது ஆபீஸ் விஷயம் என்றார். தர்ஷினி தன் பேச்சை வாபஸ் வாங்கினாள். அவர் தனியாகக் கோலாலம்பூர் போய், எங்கள் கூடத்தின் எதிர்காலம் பற்றி இருபது நிமிஷம் பேசிவிட்டு வந்தார். நல்ல கைதட்டலாம். எதிர்காலத்துக்குத் தோல் ஒட்டிச் சோதிக்க முடியாதே.

முனியாண்டி அண்ணனுக்கு வந்த கடிதத்தை வாபஸ் வாங்கினார்கள். எலி அறைப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்து, கண்ணாடிப் பாத்திரம் கழுவும் அறைக்கு அனுப்பினார்கள். அது நியாயம். கூடவே ஒரு வேலையையும் முடிக்கச் சொன்னார்கள். அந்த மூன்று எலிகளின் வழி வந்த எல்லாவற்றையும் கொல்ல வேண்டும். நிறைமாத எலிகளும் கண் திறக்காத குட்டிகளும் அதில் இருந்தன. நானும் தர்ஷினியும் இரண்டு பகல் அதைச் செய்தோம். முதல் நாளே மூன்றைக் கொன்றிருந்தால் மூன்றோடு போயிருக்கும். என் அவசரத்துக்கு விலை கொடுத்தவை அந்த எலிகள். அவற்றுக்கு ஷோ காஸ் லெட்டர்கூட யாரும் கொடுக்கவில்லை.

புது ஜோடிகள் வந்து, பெருகி, தர்ஷினி முதலிலிருந்து தொடங்கினாள். ஸ்காலர்ஷிப் முடிந்ததால் சாயங்காலங்களில் டியூஷன் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு வருஷம் போயிற்று. முடிவு என்ன? சிவப்பு சிவப்புக்கு உதவியது. நீலம் நீலத்துக்கு உதவியது. ஒன்று மற்றதற்கு உதவவில்லை, புரொபசரின் புது அளவிலும் உதவவில்லை. உலகத்துக்குத் தெரிந்த விதி புக்கிட் பெருவாங்கிலும் செல்லும் என்று அவள் நிரூபித்தாள். யாரும் கேக் வாங்கவில்லை.

அவளுடைய வாய்மொழித் தேர்வு அன்று நான் வராந்தாவில் காத்திருந்தேன். கதவைத் திறந்து வந்தவள் முகத்தைப் பார்த்ததுமே தேறிவிட்டாள் என்று தெரிந்தது.

“என்ன கேட்டாங்க?”

“நோட்ல பத்து மாசத்துப் பக்கமெல்லாம் ஏன் அடிச்சிருக்குன்னு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கேட்டாரு. எலி கலந்துபோச்சுன்னு சொன்னேன். யார் கலந்தாங்கன்னு கேட்டாரு.”

“என்ன சொன்ன?”

“நாங்க கலந்துட்டோம்னு சொன்னேன்.”

யாரோ எனக்குப் பிச்சை போட்ட மாதிரி இருந்தது. “யாரு உன்ன ‘நாங்க’ன்னு சொல்லச் சொன்னா? கார்டு எழுதினது நான். என் பேரச் சொல்றதுக்கென்ன? எனக்காக யாரும் பொய் சொல்ல வேணாம்” என்று வராந்தாவிலேயே கத்திவிட்டேன். கடந்துபோன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தர்ஷினி கையிலிருந்த ஃபைலை என் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

“கார்டு நீங்க எழுதினீங்க, சரி. ஆனா ஒத்துவராத எலி பாதிக்குப் பாதி என் நோட்லயே இருந்துச்சு அக்கா. ஒதுக்கி வைன்னு புரொப் சொன்னாரு, ஒதுக்கி வச்சது யாரு? கேக் வெட்டினது யாரு? உங்களுக்காகச் சொன்னேன்னு நெனச்சீங்களா?”

“பசிக்குதுலா, வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். நான் அவளுடைய ஃபைலை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.